ஆழம் பார்க்கிற கம்பு

“கம்பை என்னட்டைத் தாங்கோ, மாமா.”

நாயாற்றில் ஆழம் பார்க்கிற கம்பைப் பெண்கள் கேட்கவே கூடாதென்று அம்மா சொல்லிவைத்திருந்தா. ஞானப்பிரகாசம் மாமா தனியாக இறங்கிப் பார்த்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தார்.

“முழங்கால் தண்ணிதான். ஆனா நீ இறங்காதை, பிள்ளை.”

“இண்டைக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தில கையெழுத்து வைக்காட்டி ரீச்சர் வேலை போயிடும். கம்பஸில படிச்சு முடிச்சது குசினிக்குள்ள அடுப்படியில குந்தவோ?”

அவர் மணலைக் காட்டினார். தண்ணீரிலிருந்து இரண்டு பேரின் ஈரத் தடங்கள் ஏறி வந்திருந்தன. சிறியவை என் முன்னால் வந்து நின்றுவிட்டன. நான் இன்னும் காலே நனைக்கவில்லை.

செருப்பைக் கழற்றிச் சிறிய தடமொன்றில் காலை வைத்தேன். அளவு சரி. ஷெல்லடியில் போன என் கால் சுண்டுவிரல் அந்தத் தடத்திலும் இல்லை.

“வந்தது நானெண்டால், அக்கரைக்குப் போய்த்தானே வந்திருப்பன்?”

கம்பைப் பறித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தேன்.