அகலம் மைனஸ் ஆறு

"என் பொண்ணோட வீட்டுப்பாடத்துக்கு ஏன் மேடம் பூஜ்யம்?" என்றபடி கட்டட இன்ஜினியர் கணக்கு டீச்சரின் எதிரே உட்கார்ந்தார்.

"படுக்கையறையோட பரப்பு இருபத்திநாலு சதுர மீட்டர். நீளம், அகலத்தைவிட ரெண்டு மீட்டர் அதிகம். அகலம் என்னன்னு கேட்டேன். அந்த இருபடிச் சமன்பாட்டுக்கு நாலு, மைனஸ் ஆறுன்னு ரெண்டு விடை வரும். நாலை அடிச்சிட்டு மைனஸ் ஆறை வச்சிருக்கா."

"அப்போ நீளம் மைனஸ் நாலு. பெருக்கிப் பாருங்க, இருபத்திநாலு வருதே."

"வருது சார். செங்கல் செலவே இல்லை. இப்படித்தான் வீடு கட்டறீங்களா?"

பக்கத்து மேஜையில் இருந்த தலைமையாசிரியர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு வெளியே போனார்.

இன்ஜினியர் குரலைத் தணித்தார். "அவ தூங்கிட்டா. நான்தான் போட்டேன். பாதி மார்க்காவது குடுங்க மேடம்."

"மார்க் கிடையாது. நாளைக்கு அவளே போடட்டும். ஆமா, அந்த அறையில யார் படுக்கறதாம்?"

"யார் மேடம்?"

டீச்சர் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"நீங்கதான். பொண்ணுக்குத் திருட்டுத்தனமா கணக்கு போட்டுக் கொடுத்துட்டு, பொண்டாட்டிகிட்டயே மார்க் கேக்க வந்திருக்கீங்களே. இன்னிக்கு உங்க படுக்கை அங்கதான்."