மூன்றாவது சாவி

மாடியில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தொம்மென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

கீழ்வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்த நல்லகாமனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மாடியில் குடியிருக்கும் ஹஃபீஸா, வெள்ளிக்கிழமை என்றால் கோரிப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். இன்று போகவில்லை. செருப்பு மாடிப்படியடியில் கிடக்கிறது. காலையில் போனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். புருசன் துபாயில். கல்யாணமாகி இன்னும் வருசம் திரும்பவில்லை.

இழுபட்டது நாற்காலியா? அப்படியென்றால் விழுந்தது என்ன?

அவருக்கு ஃபேன் கொக்கி ஞாபகம் வந்தது. கொத்தனாரிடம் சண்டை போட்டு, கெட்டிக் கம்பியாகப் போடச் சொன்னதே அவர்தான்.

சோழவந்தானில் இருந்த வெற்றிலைக் கொடிக்காலை விற்று, ஆரப்பாளையத்துச் சந்தில் கட்டிய வீடு. இனி வாடகை வந்தால்தான் கஞ்சி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குடியிருந்தவன் தூக்குப் போட்டுக்கொண்டான். அதோடு சரி. 'வீடு வாடகைக்கு' என்று தொங்கவிட்ட அட்டை வெயிலில் வெளுத்து எழுத்தே போய்விட்டது. ஒருத்தனும் படியேறவில்லை.

நல்லகாமனும் கண்டவனுக்கு வீட்டைக் கொடுத்தவரில்லை. கல்யாணமாகாதவன் குடிப்பான். வக்கீல் கேஸ் போடுவான். வாத்தியார் சட்டம் பேசுவான். தனியாக இருக்கிற பெண், வம்பு தும்பு இருக்காது என்றுதான் இவளுக்குக் கொடுத்தார். பால் காய்ச்சிய அன்று, அவள் புருசன் போனில் முகம் தெரியப் பார்த்துக்கொண்டிருக்க, "ஏதாச்சும்னா ஒரு போன் போடு தாயி, நான் கீழதான கெடக்கேன்" என்று சொன்னார். மனசார சொன்னதுதான்.

பூட்டுக்கு மூன்று சாவி. கொடுத்தது இரண்டு.

அது வீட்டுப் புரோக்கர் சின்னக்கருப்பன் சொல்லிக்கொடுத்த புத்தி. "கொடிக்காலுக்கு ராவெல்லாம் காவல் கெடந்த ஆளு, இம்புட்டுப் பெரிய வீட்ட மட்டும் மொத்தச் சாவியோட தூக்கிக் குடுத்துருவீகளாண்ணே? ஒண்ண மடியில வையுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

போன வாரம் அந்தப் பெண், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டுமென்று வந்து நின்றாள். புதுக்கதவில் ஓட்டை போடுவதாவது. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பைப் படியடியில் விட்டுவிட்டு ஏறினார். கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு நுழையமாட்டார்கள். அந்தப் பழக்கம் இந்தப் படிக்கும் வந்துவிட்டது. வெறுங்காலில் வெயில் சுட்டது. ஏறுகிற சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

கதவில் காதை வைத்தார். உள்ளே ஃபேன் ஓடவில்லை.

ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் வயிறெரிகிற மனுசன். இன்று அது ஓடக்கூடாதா என்றிருந்தது. ஓடினால் அதில் எதுவும் தொங்கவில்லை என்றாவது தெரியும்.

தட்டிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எதிர்மாடியில் துணி காயப்போடுகிறவள் எட்டிப் பார்ப்பாள். அவள் பார்த்தால் தெருவே பார்க்கும். வீட்டுக்குக் கெட்ட பேர் வந்துவிடும். முதலில் நாம் பார்த்துவிடுவோம். உயிர் இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

இல்லையென்றால்?

அதற்கு மேல் அவர் நினைக்கவில்லை.

மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும், அப்போதுதான் சத்தம் வராது. கை அப்படியேதான் திருப்பியது. ஆனால் அவசரத்தில் சாவி ஒருதரம் கடகடவென்று ஆடிவிட்டது.

பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.

தள்ளினார். ஒரு விரல் அளவுக்கு நகர்ந்து நின்றுவிட்டது. உள்ளே கனமாக ஏதோ கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது.

கருப்பசாமி, அது அவளாக இருக்கக்கூடாது. வேண்டுவது அந்தப் பிள்ளைக்காகவா, வீட்டுக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. தோளைக் கொடுத்து இன்னும் ஒருதரம் முட்டிவிட்டு, இடுக்கில் கண்ணை வைத்தார்.

பச்சைப் பெயின்ட். இரும்பு. பீரோ.

பீரோ ஜன்னலோரமாக, கட்டிலுக்கு அந்தப் பக்கம் அல்லவா நிற்கும்?

அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தொண்டைக்குள்ளேயே நடுங்குகிற குரல். ஆனால் உயிருள்ள குரல். நல்லகாமனுக்கு அடிவயிற்றிலிருந்து மூச்சு வந்தது. தாயி என்று கூப்பிட வாயைத் திறப்பதற்குள், அவள் போனில் பேசுவது கேட்டது.

"வந்துட்டான் மச்சான். சாவி போட்டுத் தொறந்துட்டான். அவனேதான், போன வெள்ளிக்கிழமை நான் இல்லாதப்ப ஓடுன ஃபேனை அமத்திட்டுப் போனவன்... முட்டித் தள்ளுறான் மச்சான், யா அல்லா... நீங்க வைங்க, வைங்க, நான் கீழ ஓனர் மாமாவக் கூப்புடுறேன்."



சாவி பூட்டிலேயே தொங்கியது. அதை உருவிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். கை எழவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடிக்க ஆரம்பித்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், நடுங்கிக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நின்றது.