முப்பத்தோராவது கட்டளை

"அதுக்கெல்லாம் வாயில பதில் இல்ல மிஸ். லாரி வரட்டும், கை சொல்லும்."

கஸ்தூரி ஆண்ட்டி இப்படிச் சொன்னபோது மணி பத்தரை. என் பட்டியலில் நான்கே நான்கு கட்டளைகள் இருந்தன.

பாலோ ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அதன் வாசலில் எடைமேடை. ஒட்டினாற்போல ஒரு சிறிய அறை, அதில் ஒரு பழைய கணினி.

குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றதும் ஒரு கட்டளையை அடிக்க வேண்டும். தோட்டத்து லாரிக்கு ஒன்று. சிறுதோட்டக்காரர் லாரிக்கு வேறொன்று. மழையில் நனைந்த குலை என்றால் இன்னொன்று. இருபத்தேழு வருடங்களாக ஆண்ட்டிதான் அடிக்கிறார். எதுவும் எங்கும் எழுதப்படவில்லை.

எழுதி வாங்கி வரத்தான் ஜொகூர் பாரு தலைமை அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

திரையில் உதவி கேட்டேன். 'கையேட்டைப் பார்க்கவும்' என்று மலாயில் பதில் வந்தது.

கையேடு எங்கே என்று அலுவலகத்தில் கேட்டேன். கஸ்தூரியைக் கேளுங்கள் என்றார்கள்.

கணினியின் நிரலைத் திறந்தேன். முந்நூறு கட்டளைகள். எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று சொல்ல ஒரு வரி விளக்கம் கிடையாது. எழுதிய மனிதரை மனத்துக்குள் நன்றாகத் திட்டினேன்.

பிறகு லாரிக்காகக் காத்திருந்தேன்.

லாரி வரும். ஆண்ட்டியின் விரல்கள் ஓடும். இப்போது என்ன அடித்தீர்கள் என்று கேட்பேன். வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோல் அவற்றைப் பார்ப்பார். மறுபடி அடிக்கச் சொன்னால் வராது. லாரிதான் போய்விட்டதே.

"என்னா ஆண்ட்டி, பரீட்சையா?" ஓட்டுநர் செல்வா சன்னலில் தலையை நீட்டினான். "பெயிலானாலும் பரவால்ல லா, என் லாரிய விடுங்க. கியூ ரோடு வரைக்கும் நிக்குது."

"வாய மூடு. உன்ன நாளைக்குத்தான் நிறுப்பேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். காலையில் கொண்டுவந்த எரிச்சல் எந்த லாரியோடு போனதென்று தெரியவில்லை. அதன்பின் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று விரல்களையே பார்த்து எழுதினேன். எட்டு. பதினொன்று. பதினாறு.

பன்னிரண்டரைக்கு ஆண்ட்டி மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். கணவர் அய்யாவு அங்கிளுக்கு ஊசி போடும் நேரம். சர்க்கரை வியாதி அவருடைய கண்களை எடுத்துவிட்டது. தானாக அளந்து போட்டுக்கொள்ள முடியாது. ஏழு நிமிடத்தில் வீடு. அரைமணியில் திரும்பிவிட்டார், எனக்கும் ஒரு பொட்டலம் சோற்றோடு.

பட்டியல் முடிந்துவிட்டால் எடைமேடையை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். கஸ்தூரியை மெர்சிங் பக்கத்து ஆலைக்கு மாற்றிவிடலாமாம். போகவர நான்கு மணி நேரம். மதிய ஊசிக்கு ஆளில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்தானே ஆண்ட்டி?" என்று கேட்டேன்.

"தெரியும் மிஸ். அதுக்காக மறைக்கவா முடியும்? நீங்க ஒங்க வேலையப் பாக்குறீங்க." கருவாட்டுக் குழம்பை என் பக்கம் தள்ளினார். "நல்லா ஊத்திக்குங்க."

எனக்கு என் வேலை பிடிக்கும். ஒருவரின் தலைக்குள் இருப்பதை எல்லோருக்கும் உரியதாக்குவது நல்ல காரியம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எழுதி முடித்தபின் அந்த ஒருவர் என்ன ஆகிறார் என்று எந்த ஆவணத்திலும் நான் ஒரு பத்தி எழுதியதில்லை.

குழம்பு நன்றாக இருந்தது.

நாலரைக்குக் கடைசி லாரி இறங்கிப் போனது. பட்டியலில் முப்பது.

ஆண்ட்டி எழுந்திருப்பதற்கு முன் இரண்டு எழுத்துகளை அடித்தார். இசட், டி. திரையில் ஒன்றும் வரவில்லை. கை கூப்பாத குறையாக ஒரு நொடி காத்திருந்துவிட்டு, கணினியை அணைக்கப் போனார்.

"இரு இரு, ஆண்ட்டி. இது என்ன?" பதற்றத்தில் 'இருங்க' என்று சொல்ல மறந்துவிட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எனக்கு முன்ன இங்க கணக்குப் பாத்த விசுவலிங்கம் கிராணி ரிட்டையர் ஆகிப் போறப்ப சொல்லிக் குடுத்தாரு. இத அடிக்காம எந்திரிக்கக் கூடாதுன்னாரு. நான் ஒரு நாளும் விட்டதில்ல."

நிரலில் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடினேன். இருந்தன. ஒரு முறை பார்த்ததே போதுமானதாக இருந்தது.

"என்னா மிஸ், முக்கியமானதா?"

"ரொம்ப," என்றேன்.

அவருடைய முகத்தில் ஒரு பெருமை வந்தது. விசைப்பலகையின் மேல் துண்டைப் போர்த்திவிட்டு, பத்திரமாகப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மோட்டார் சைக்கிளின் சத்தம் செம்பனை வரிசைகளுக்குள் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுதினேன்.

'31. இசட் டி. நாள்தோறும் எடைமேடையை மூடும் முன் இயக்கப்பட வேண்டும். தவறினால் அன்றைய பதிவுகளுக்கு உத்தரவாதம் இல்லை. நீண்ட அனுபவம் உள்ளவர் நேரில் இருந்தே செய்ய வேண்டும். இப்போதைக்குத் தகுதி உள்ளவர்: கஸ்தூரி மட்டும்.'

முப்பத்தொன்றில் மிக நீளமான விளக்கம் அதுதான். ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் காரை எடுத்தேன்.

நிரலில் அந்த இரண்டு எழுத்துகளுக்குக் கீழே கணினி செய்வதற்கு ஒரு வரி வேலைகூட இல்லை.