கழுத்தளவு தண்ணீர்

இசக்கித்தாய் படித்துறையில் கால் வைத்ததும், தண்ணீருக்குள் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து கரையேற ஆரம்பித்தார்கள்.

முதலில் எழுந்தது பேச்சிச்செல்வி. கழுத்தில் போட்ட சோப்பைக்கூட அலசவில்லை. ஈரப் பாவாடைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, இசக்கித்தாயின் முகத்தைப் பார்க்காமலே கடந்து போனாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். துவைக்கப் போட்ட துணிகள் கல்லிலேயே கிடந்தன.

மாற்றுத்துணிப் பையோடு அம்மாவுக்குப் பின்னால் நின்ற பொன்செல்விக்கு முகம் சுண்டிப்போனது.

இதே பெண்கள்தான், ஆவணியில் இசக்கித்தாய்க்கு ஆபரேஷன் செய்து ஒரு பக்க மார்பை எடுத்தபோது, ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வேன் பிடித்துப் பார்க்க வந்தவர்கள்.

அதற்கு முன்னால் தாமிரபரணியை விட்டால் இசக்கித்தாய்க்கு வேறு சுகம் தெரியாது. விடிந்ததும் ஆறு, அப்புறம்தான் காப்பி. மஞ்சளைத் தேய்த்து முங்கினாள் என்றால் மகள் கரையில் நின்று தொண்டை வற்றக் கூப்பிட வேண்டும். மல்லாக்க மிதந்தபடியே, இந்தா வந்துட்டேன் என்பாள். வரமாட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக் குளியலறைதான். தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்ததும் பொன்செல்வி ஆசையாகக் கட்டியது அது. ஷவர்கூட உண்டு. அதன் அடியில் நின்றால் மழையில் மாட்டிக்கொண்ட ஆடு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொல்லுவாள். லைட்டைப் போடாமல்தான் குளிப்பாள். அது பொன்செல்விக்குத் தெரியும். ஏன் என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

ஆற்றில் குளிக்கலாம் என்று டாக்டர் தை மாதமே சொல்லிவிட்டார். அம்மாதான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

போன வாரம் பொன்செல்வி தற்செயலாக அறைக்கதவைத் தள்ளியபோது, அம்மா பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கட்டுகிற கட்டுதான். ஆனால் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாமல் அது நழுவி நழுவி இறங்கியது.

"பாத்தியாளா, நிக்க மாட்டேங்கு" என்று அம்மா சிரித்தாள். பொன்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று மாலை, அம்மா நாளைக்கு ஆற்றுக்கு வருவதாக ஒத்துக்கொண்டதும், பொன்செல்வி பேச்சிச்செல்வி வீட்டுக்குப் போனாள். அம்மாவும் பேச்சியும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். அன்றிலிருந்து ஆற்றில் ஒருத்திக்கொருத்தி முதுகு தேய்த்துவிட்டவர்கள். பாவாடை விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி, யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும் சித்தி என்று கேட்டுக்கொண்டாள். பேச்சிச்செல்வி, சரி நீ போ என்றதோடு முடித்துக்கொண்டாள்.

இப்போது புரிந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம். நாமே போய்ச் சொல்லி அம்மாவுக்கு ஆற்றை இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

இசக்கித்தாய் கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். பெண்கள் துறையில் எப்போதும் இடுப்பளவுதான் தண்ணீர். பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். அவள் சேலையைத் தோளோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, அதான் யாரும் இல்லல்லா. நீ பாட்டுக்கு எறங்கு."

"யாரும் இல்லாத ஆத்துல எதுக்குளா குளிக்க? வா, வீட்டுக்குப் போவோம்."

எழுந்துகொண்டே, "இனிமே என்னைய இங்கன கூப்பிடாத" என்றாள்.

மேல்படிக்கு வந்தபோது எதிரே பேச்சிச்செல்வி ஓடிவந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பொன்செல்வி பெரியவர்களிடம் குரலை உயர்த்திப் பழக்கம் இல்லாதவள். இன்றைக்கு அது தானாக உயர்ந்தது.

"எங்க அம்மைக்கு வந்தது ஒட்டுவாரொட்டி இல்ல சித்தி. தண்ணி வழியா உங்க யாருக்கும் வராது."

பேச்சிச்செல்வி மூச்சு வாங்கியபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பேசி முடிச்சிட்டியா? படிச்ச புள்ளைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டாமா?" என்றவள், இசக்கித்தாய் பக்கம் திரும்பினாள். "ஏளா, நீ எங்க கெளம்பிட்ட? வா, ஆம்பளையாளு துறைக்கு."

"ஆம்பளையாளு துறைக்கா?"

"ஆமா. அங்கனதான கழுத்து முட்டத் தண்ணி கெடக்கு. பாவாடை நின்னா என்ன, நழுவுனா என்ன, தலையைத் தவிர ஒண்ணும் வெளிய தெரியாது. எல்லாவளும் எறங்கி உனக்காகத்தான் நிக்காளுவ. நீ கூச்சப்பட்டுத் திரும்பிருவேன்னுதான் வாயைத் தொறக்காமப் போனோம். அவனுவளைக் கெளப்பத்தான் இம்புட்டு நேரம். சொன்னா எவன் எந்திரிக்கான்? நாங்க எறங்கிட்டோம்னதும் பதறி ஏறிட்டானுவ."

இசக்கித்தாய் சேலையைப் பிடித்திருந்த கையை விட்டாள். அப்புறம் நடந்த வேகத்துக்கு மகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆறு வளைகிற இடத்தில், மருத மரத்துக்கு இந்தப் பக்கம், ஆண்கள் இடுப்பில் ஈரத் துண்டோடு வயலைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றின் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. ஓரத்தில் மளிகைக் கடை சங்கரபாண்டியன் அண்ணாச்சி. தலை முழுக்க ஷாம்பூ நுரை.

மரத்துக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். உடனே பெண்களின் கூச்சல், அதற்கு நடுவில் பொன்செல்வி ரொம்ப நாளாகக் கேட்காத அம்மாவின் சிரிப்பு.

அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அம்மை சீக்கிரம் ஏறிருவா."

அண்ணாச்சி வயல் பக்கமே முகத்தை வைத்தபடி சொன்னார்.

"என்ன அவசரம்? நல்லா நீந்தட்டும். எனக்குக் கண்ணெல்லாம் நுரை. எப்படியும் தொறக்க முடியாது."