கல்கத்தாவுக்கு நாலு மணி நேரம்

இதை எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கத்தின் மகள் செல்லக்கனி. அறுபத்திரண்டாம் வருஷம், பங்குனிப் பொங்கல் சாட்டிய வாரம், தலைப்பிரசவத்துக்காகச் சிவகாசி வந்திருந்தாள்.

அவள் சொன்னது பின்பாதிதான். முன்பாதி நானே பார்த்தது.

எங்கள் தெருவில் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வெடிக் கம்பெனி ஆர்டருக்காகக் கல்கத்தா போய் வருவார். வந்தால் பிளேன் பேச்சுதான்.

“மெட்ராசுல ஏறினா எண்ணூத்தம்பது மைலு. நாலே மணி நேரம். வெத்தலையைப் போட்டுத் துப்புறதுக்குள்ள கல்கத்தா!”

“எங்கன துப்புவீக அண்ணாச்சி?”

“அதெல்லாம் கேக்கப்படாது.”

செல்லக்கனியைக் கட்டிக் கொடுத்ததும் கல்கத்தாவில்தான். மசக்கையில் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அடுப்புப் பக்கம் போனாலே குமட்டல். ‘அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு இருந்தால் சாப்பிடுவேன்’ என்று கடுதாசி எழுதியிருந்தாள்.

பொன்னுத்தங்கம் அழுத கண்ணோடு அண்ணாச்சியிடம் ஓடினாள்.

“நாலு மணி நேரந்தானே அண்ணாச்சி? வச்சுத் தாறேன், கொண்டு போங்க.”

அண்ணாச்சி முழித்தார். “பிளேன்ல கருவாடா...?”

“மூடியைச் சுத்தி மாவு ஒட்டித் தாறேன். வாசம் வராது.”

மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஆனால் குழம்பு வைக்கிற அன்று அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டார். கையில் ஆர்டர் நோட்டும் பென்சிலும்.

“மிளகா எத்தன? பத்தா? புளி எதுக்கு அம்புட்டு? கருவாட்ட எப்பப் போடுவீக?”

“அடுப்படியில உங்களுக்கென்ன வேலை அண்ணாச்சி?”

“வெடிமருந்துல கெடக்கிறவன் தாயி. கலவைன்னா அளவு கேக்கத்தான் செய்வேன்.”

அவர் போனதும் சிரித்தோம். மிளகாயைக்கூட எண்ணுகிற மனுஷனிடம் அந்தச் சம்சாரம் எப்படித்தான் காலந்தள்ளுகிறாளோ என்றேன். மாரியாத்தா மன்னிக்கணும்.

பதினைந்து நாளில் கடுதாசி வந்தது. ‘குழம்பு கிடைத்தது. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.’

பொன்னுத்தங்கத்துக்குப் பூரிப்பு. உப்புதான் உறுத்தியது. “சரியாத்தானே போட்டேன்?”

“அம்புட்டு ஒசரத்துல போனா உப்பு ஏறத்தானே தாயி செய்யும்,” என்றார் அண்ணாச்சி. நாங்களும் நம்பினோம்.

இனி செல்லக்கனி சொன்னது.

“பிளேனாவது! சங்கரலிங்க மாமா எப்பவும் ரயில்லதான் வருவாக. மூணு ராத்திரி. குழம்பு ஊசிப்போயி, கோதாவரி ஆத்துல கொட்டிட்டாகளாம். எங்க வீட்டுக்கு வந்ததும் வேட்டிய மடிச்சுக் கட்டி, நோட்டைப் பிரிச்சு வச்சு, கண்ணுல தண்ணி ஊத்த அவுகளே குழம்பு வச்சாக. உப்பு அளவை மட்டும் எழுத மறந்துட்டாகளாம்.”

பொன்னுத்தங்கத்திடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அண்ணாச்சி உங்கள் தெருப் பக்கம் வந்தால், பிளேன் எப்படிப் பறந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்காதீர்கள்.