கடல் உள்வாங்கும் நாள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டிராவல்ஸில் உட்கார்ந்து, அந்தமான் போக விசாரித்தார்கள் பார்த்திபனும் பூங்குழலியும். கல்யாணமான நாளிலிருந்து தள்ளிக்கொண்டே போன பயணம்.

"அங்க கடலோரமா ஒரு பாறை, பாலம் மாதிரி வளைஞ்சு நிக்கும். கடல் உள்வாங்குனாதான் கிட்ட நடந்து போவ முடியும். அமாவாசைக்குப் போங்க, சூப்பரா இருக்கும்" என்றார் டிராவல்ஸ்காரர் வளவன்.

"அமாவாசைன்னா முடியாதுண்ணா. மேல்மலையனூர் போவணும்" என்றாள் பூங்குழலி.

"அப்ப பௌர்ணமி. அன்னிக்கும் நல்லா உள்வாங்கும்."

"ஐயோ, பௌர்ணமின்னா திருவண்ணாமலை!"

"ஒரு மாசம் போவலன்னா சாமி இன்னா கோச்சுக்குமாம்மா?"

"சாமி கோச்சுக்காது. டிப்போ மேனேஜர் கோச்சுக்குவாரு."

வளவன் விழித்தார். பார்த்திபன் சிரித்துவிட்டான்.

"பக்தின்னு நெனைச்சுட்டீங்களா? இவ இன்னும் கோயிலுக்குள்ளயே போனதில்ல. அந்த ரெண்டு நாளும் வுடுற ஸ்பெஷல் பஸ்ஸுக்கு இவதான் டிரைவர்!"

வளவனும் சிரித்தபடி காலண்டரைப் புரட்டினார். "அமாவாசை கழிஞ்சும் ரெண்டு நாளைக்குக் கடல் நல்லாவே உள்வாங்கும்மா. கூட்டத்தை எறக்கிவிட்டுட்டுக் கெளம்பிடுங்க. ஃபிளைட்ல எந்த சீட்டு போடட்டும்?"

பூங்குழலியின் முகம் மலர்ந்தது.

"எங்க வேணா போடுங்கண்ணா. முன்னாடி ஸ்டீயரிங் மட்டும் இருக்கக் கூடாது."