கடைசிக் காந்தம்

அணிக்கு இருபத்திரண்டு பேர் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்துக் கிளப் வரூனா. அங்கே வியாழக்கிழமைதோறும் அணி போடும் அதே பலகையில், கிளப்பின் நூறாண்டு வரலாற்றில் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இருபத்தொரு பேர் பெயர்க்காந்தங்களாக ஒட்டியிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒரே இடத்தில் கணவர் டெஸ்ஸின் காந்தத்தை லோர்னா விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். "எடு லோர்னா. கடைசி உதைய வெளிய அடிச்சு கோப்பையத் தொலைச்சவன் அவன்," என்கிறார் கிளப் தலைவர் மெர்வ். "ஒரே ஒரு உதை! இருநூத்தி நாப்பது ஆட்டம் ஆடியிருக்காரே! நீ பெஞ்சத் தேச்சதுதானே மிச்சம்?" தேர்வுக் குழுவில் யாரோ சிரித்து அடக்கிக்கொள்கிறார். "மெர்வ், சனிக்கிழமை வரைக்கும் அவர் தாங்கமாட்டார்னுட்டார் டாக்டர்," என்கிறாள் லோர்னா. மேசையில் அவளுடைய போன் அடிக்கிறது. மெர்வ் எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறார். டெஸ் மூச்சு இழுக்கும் சத்தம். "லோர்னா... என்னைச் சேத்துட்டாங்களா?" மெர்வ் போனை அவள் பக்கம் நகர்த்துகிறார். அவள் காந்தத்தை நகம் வெளுக்க இன்னும் அழுத்துகிறாள்.